பசுமைத் தொழிற்சாலை என்றால் மரம் நடுவது மட்டுமா?

சுற்றாடல் தினம் வந்தால் கம்பனிகள் மரக்கன்று நடும் புகைப்படங்களைப் பார்க்கிறோம். மரம் நடுவது நன்மையான காரியம்தான். ஆனால் அந்தத் தொழிற்சாலையால் சுற்றாடலுக்கு ஏற்படும் பாதிப்பு குறைந்ததா என்பதைப் புகைப்படம் சொல்லாது. அதன் மின்பட்டியலும் நீர்ப்பட்டியலும் கழிவின் நிறையும்தான் சொல்லும்.

எனவே முதல் வேலை அளப்பது. காபன் வெளியேற்றத்தை மூன்று பகுதிகளாகக் கணக்கிடுவார்கள். கொதிகலன், ஜெனரேட்டர், லொறி என்று கம்பனி தானே எரிப்பது முதலாவது. அது வாங்கும் மின்சாரத்துக்காக மின்நிலையத்தில் எரிக்கப்படுவது இரண்டாவது. மூலப்பொருள் உற்பத்தி முதல் விற்ற பொருள் குப்பையாவது வரையுள்ள ஏனையவை மூன்றாவது. ஆடைத் தொழிலில் இந்த மூன்றாவதே மிகப் பெரியது.

இதற்கு எமது நாட்டிலேயே உதாரணம் உண்டு. பிரண்டிக்ஸ் நிறுவனம் சீதுவையிலிருந்த பழைய தொழிற்சாலையொன்றைத் திருத்தியமைத்து, 2008இல் அமெரிக்கப் பசுமைக் கட்டடச் சபையின் 'லீட்' பிளாட்டினம் தரச்சான்றைப் பெற்றது. மின்சக்திப் பாவனை 46 வீதமும் நீர்ப் பாவனை 58 வீதமும் குறைந்ததாக நிறுவனம் அறிவித்தது. 2019இல் அதன் மட்டக்களப்புத் தொழிற்சாலை 'நிகர பூச்சிய காபன்' அங்கீகாரம் பெற்றது.

பாவனையைக் குறைக்கும் வழிகள் பல சாதாரணமானவை. பழைய தையல் இயந்திரத்தின் மோட்டார், தைக்காத நேரத்திலும் சுழன்றுகொண்டே இருக்கும். சேர்வோ மோட்டார் மிதியை அழுத்தும்போது மட்டுமே சுழலும். கூரையில் ஒளி புகும் தகடு போட்டால் பகலில் விளக்குத் தேவை குறையும். மழைநீரைச் சேமித்து மலசலகூடத்துக்குப் பயன்படுத்தலாம்.

இதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் விரயத்தை நிறுத்த வேண்டும். அடுத்து, மிஞ்சும் தேவைக்குச் சூரிய சக்தி போன்றவற்றுக்கு மாற வேண்டும். அதற்குப் பிறகும் குறைக்க முடியாததற்கே மரம் நட்டு ஈடுசெய்யலாம். இதைத் தலைகீழாகச் செய்வது, ஒழுகும் குழாயை அடைக்காமல் தண்ணீர்த் தாங்கியைப் பெரிதாக்குவது போன்றது.

இது பெரிய கம்பனிகளின் விடயம் மட்டுமல்ல. கிழக்கில் எம்மவர் பலர் நெல் ஆலை நடத்துகிறார்கள். உமியை எரித்து நீராவி எடுப்பது நல்ல சிக்கனம். ஆனால் நெல் ஊறவைத்த நீரைச் சுத்திகரிக்காமல் வடிகானில் விட்டால், துர்நாற்றத்தையும் நீர் மாசையும் அனுபவிப்பவர் அயலவரே. அயலவரின் ஹக்கை வலியுறுத்தும் மார்க்கத்தைப் பின்பற்றும் நாம் இதை வெறும் சட்டப் பிரச்சினையாகப் பார்க்க முடியாது. நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து', அதாவது இரு கைகளாலும் அள்ளும் அளவு நீரால் வுழூச் செய்தார்கள். அளவறிந்து பயன்படுத்துவது எமக்குப் புதிய பாடமல்ல.

என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் இன்று இத்தகைய தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கும் முதலாளிமாருக்கும் சொல்வது இதுதான். ஒரு கம்பனி 'நாங்கள் பசுமை' என்று சொன்னால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்த ஆண்டோடு ஒப்பிட்டு எவ்வளவு குறைந்தது? மூன்று பகுதிகளில் எவை கணக்கில் வந்தன? கழிவு நீர் எங்கே போகிறது? பதில் இலக்கத்தில் வந்தால் பாராட்டுவோம். புகைப்படம் மட்டும் வந்தால் மறுபடியும் கேட்போம்.