முட்டைமேல் எழுதிய மரபு

கிழக்கு ஐரோப்பாவில் பரந்து கிடக்கும் நாடு உக்ரைன். அந்நாட்டில் பனிக்காலம் நெடியது. திங்கள் பலவாக வயல்களைப் பனி மூடிக் கிடக்கும். மரங்கள் இலையிழந்து நிற்கும். மார்ச்சு மாதத்தில் பனி உருகத் தொடங்கியதும், ஆற்றங்கரை வில்லோ மரங்கள் முதலில் அரும்பும். அவற்றின் அரும்புகள் வெள்ளிய மென்மயிர் போர்த்து, பூனைக்குட்டியின் பாதம்போல் தோன்றும். பின்னர்ச் செர்ரியும் ஆப்பிளும் பூக்கும். வெண்சுவர் வீடுகளைச் சூழ்ந்து வெண்மலர்ச் சோலைகள் விளங்கும் அக்காட்சி கண்ணுக்கு இனியது. இவ்விளவேனிற் பருவத்திலேதான் ஈஸ்டர் பெருநாள் வருகிறது.

இயேசு பெருமான் உயிர்த்தெழுந்ததை நினைவுகூரும் திருநாள் அது. உக்ரைன் மக்கள் அதனை 'வெலிக்தென்' என்பர். 'பெரிய நாள்' என்பது அச்சொல்லின் பொருள். பகலும் இரவும் ஒத்திருக்கும் வேனில் நாளுக்குப் பின் முழுநிலாத் தோன்றும். அதனை அடுத்து வரும் ஞாயிறே ஈஸ்டர். அந்நாட்டு மக்களுள் பெரும்பாலோர் பழைய ஜூலியன் நாட்காட்டியைக் கொண்டு இதனைக் கணிக்கின்றனர். ஆதலால் இன்று வழங்கும் நாட்காட்டியின்படி ஏப்ரல் 4 முதல் மே 8 வரையுள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அவர்கள் பெருநாள் அமையும்.

பெருநாளுக்கு முன்னர்த் தவக்காலம் வருகிறது. ஏறத்தாழ ஏழு வாரம் ஊன், பால், முட்டை ஆகியவற்றை நீக்கி உண்பது பழைய நெறி. உண்பார் இல்லையென்று கோழிகள் முட்டையிடுவதை நிறுத்துவதில்லை அன்றோ? ஆகவே வீடுகளில் முட்டைகள் சேரும். குருத்தோலை ஞாயிறு வரும்போது, பனை வளராத அந்நாட்டில் வில்லோக் கொம்புகளையே கோயிலுக்கு ஏந்திச் செல்வர். மந்திரித்த கொம்பினால் ஒருவரையொருவர் மெல்லத் தட்டி, நலம் பெருக என வாழ்த்துவர்.

அதன்பின் வீடு முழுவதும் பரபரப்பாகும். சிற்றூர்களில் பனியால் மங்கிய சுவர்களுக்குப் பெண்கள் சுண்ணாம்பு பூசுவர். பெரிய வாரத்தில் தாய் 'பாஸ்கா' என்னும் வட்ட ரொட்டியைச் சுடுவாள். மாவு, முட்டை, வெண்ணெய், பால் ஆகியன கலந்த அம்மாவு பொங்கும் வேளையில், எவரும் கதவை அறைந்து சாத்தலாகாது. உரக்கப் பேசலும் ஆகாது. ஓசையால் மாவு அமிழ்ந்துவிடும் என்று மூதாட்டிமார் சிறுவரை அடக்குவர்.

இந்நாட்களின் பணிகளுள் தலைசிறந்தது முட்டை எழுதுதல். வேகவைத்து ஒரே நிறமூட்டிய முட்டை 'கிராஷாங்கா'. அஃது உண்பதற்கு உரியது. கோலம் எழுதிய பச்சை முட்டை 'பிசாங்கா'. அது பரிசளிப்பதற்கும் பாதுகாப்பதற்கும் உரியது. 'எழுது' என்னும் பொருளுடைய சொல்லிலிருந்தே பிசாங்கா என்னும் பெயர் பிறந்தது.

முற்காலத்தில் பகல் வேலை முடிந்த பின்னர், தாயும் மகளும் விளக்கொளியில் அமர்ந்து இதனை எழுதுவர். சிறு கோலின் நுனியில் மெல்லிய உலோகப் புனல் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதனைச் சுடரில் காட்டித் தேன்மெழுகை உருக்கி, வெண்முட்டைமீது கோடு இழுப்பர். மெழுகு மூடிய இடத்தில் சாயம் ஏறாது. முட்டையை மஞ்சட் சாயத்தில் தோய்த்து எடுத்து, மஞ்சளாக நிற்க வேண்டிய இடங்களை மெழுகால் மூடுவர். பிறகு சிவப்பு, இறுதியில் கறுப்பு என ஒன்றன்பின் ஒன்றாக நிறங்கள் ஏறும். இட்ட மெழுகை அழிப்பது அரிது. ஆதலால் கை நடுங்கலாகாது. வேலை முடிந்ததும் முட்டை கரிய உருண்டைபோல் அழகின்றித் தோன்றும். அதனைச் சுடரருகே காட்டி, உருகும் மெழுகைத் துணியால் துடைப்பாள் தாய். அப்பொழுது வெண்மையும் மஞ்சளும் சிவப்பும் ஒருங்கே வெளிப்படும். அருகிருக்கும் சிறுமியின் முகமும் அப்பொழுது மலரும்.

ஒவ்வொரு கோலத்துக்கும் பொருள் உண்டு. கதிர் நல்விளைவைக் குறிக்கும். மீன் கிறித்துவைக் குறிக்கும். முடிவின்றிச் சுற்றிவரும் கோடு நிலைபேற்றைக் குறிக்கும். கார்ப்பாத்திய மலைமக்களிடம் ஒரு கதை வழங்குகிறது. தீய பாம்பு ஒன்று மலைப்பாறையில் சங்கிலியால் பிணிக்கப்பட்டுள்ளது. பிசாங்கா எழுதுவோர் குறைந்தால் சங்கிலி தளரும். பெருகினால் இறுகும் என்பது அக்கதை.

பெருநாளன்று விடியுமுன் கூடை நிறையப் பாஸ்கா, முட்டை, வெண்ணெய், உப்பு ஆகியவற்றை வைத்து, பூவேலை செய்த துணியால் மூடிக் கோயிலுக்குச் செல்வர். குருவானவர் திருநீர் தெளித்து வாழ்த்துவார். "கிறித்து உயிர்த்தெழுந்தார்" என்று ஒருவர் கூற, "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என மற்றவர் மறுமொழி கூறுவர். வீடு திரும்பியதும் ஒரு முட்டையைத் துண்டாக்கி, குடும்பத்தார் அனைவரும் பகிர்ந்து உண்பர். அதன் பின்னரே பிற உணவு.

இவ்வழக்கம் தடையின்றி வந்தது அன்று. சோவியத்து ஆட்சி கோயில்களை மூடிச் சமய வழக்கங்களை ஒடுக்கியபோது, பல ஊர்களில் பிசாங்கா மறைந்தது. ஆயினும் தொலைவிலுள்ள சில மலைச்சிற்றூர்களில் மூதாட்டிமார் அதனை விடாது எழுதினர். 1891 முதல் கனடாவில் குடியேறிய உக்ரைன் மக்களும் தம் இல்லங்களில் அதனைப் போற்றினர். அந்நாட்டின் வெக்ரவில் நகரில் 1975ஆம் ஆண்டு அலுமினியத்தால் மாபெரும் பிசாங்கா ஒன்றை நிறுவினர். 1991இல் உக்ரைன் விடுதலை பெற்றதும் இக்கலை மீண்டும் தழைத்தது. 2000ஆம் ஆண்டு கொலோமியா நகரில் முட்டை வடிவிலேயே பிசாங்கா அருங்காட்சியகம் எழுந்தது. 2022இல் ருசியா பெரும்படையெடுப்பைத் தொடங்கிய பின்னரும் மக்கள் முட்டை எழுதுவதைக் கைவிடவில்லை. 2024ஆம் ஆண்டு யுனெஸ்கோ இம்மரபை மனித இனத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

முட்டை எளிதில் உடைவது, கைதவறினால் நொறுங்குவது. அதன்மேல் எழுதிய கலையோ அரசுகள் மாறியும் போர்கள் மூண்டும் அழியாது நிற்கிறது. மெழுகு மூடிய கோட்டைச் சாயம் தீண்டாதவாறு, இல்லம் காத்த மரபைக் காலம் அழிக்கவில்லை. வில்லோ அரும்பும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு தாய் தன் மகளை அருகழைத்துக் கோலைக் கையில் கொடுக்கிறாள்; அம்மரபும் புதிதாய் அரும்புகிறது.