எத்தனை மணி நேரம்? பெரோவ்ஸ்கைட் வினையூக்கிகளின் நிலைப்பு குறித்து

கரியமில வாயுவைப் 'பயனுள்ள பொருளாக மாற்றுவது' பற்றிய சொல்லாடல் பெரும்பாலும் ஒரு சதவீதத்தோடு முடிந்துவிடுகிறது. இத்தனை சதவீதம் மாறிற்று, அவ்வளவுதான். எத்தனை மணி நேரத்துக்கு மாறிற்று என்பது பின்னுக்குத் தள்ளப்படுகிறது. சூழல் அரசியல் பேசுகிற நாம் கேட்க வேண்டியது இந்த இரண்டாவது கேள்வியைத்தான்.

ஒரு வினையை மட்டும் எடுத்துக்கொள்வோம். மீத்தேனையும் கரியமில வாயுவையும் 700 முதல் 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நிக்கல் மீது செலுத்தினால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கிடைக்கும். இவற்றிலிருந்து மெத்தனால், டீசல் எல்லாம் செய்யலாம். மற்ற உயர்ந்த உலோகங்களோடு பார்த்தால் நிக்கல் மலிவு. ஆனால் சீக்கிரம் செத்துப்போகிறது. அலுமினா மேல் படியவைத்த நிக்கல் துணுக்குகள் அந்தச் சூட்டில் நகர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்து, வேலை செய்யும் பரப்பு சுருங்கிவிடுகிறது. இன்னொரு சாவு கரியால் வருவது. மீத்தேன் உடைந்து உண்டாகும் கரி, துணுக்குக்கு அடியில் நாராக வளர்ந்து, அதை இருந்த இடத்திலிருந்து பெயர்த்துத் தன் நுனியில் தூக்கிக்கொண்டு போகிறது. கடைசியில் குழாயே அடைத்துக்கொள்ளும். அடைத்த கரியைக் காற்று செலுத்தி எரிப்பது வழக்கம். எரித்தால் வருவது மறுபடியும் கரியமில வாயுதான். இதைக் கணக்குல யாரு சேர்க்குறாங்க?

பெரோவ்ஸ்கைட் இங்கேதான் நுழைகிறது. 1839இல் யூரல் மலைக் கனிமம் ஒன்றுக்கு ருஷ்யப் பிரபு லெவ் பெரோவ்ஸ்கியின் பெயரை வைத்தார்கள். (ஜார் இரண்டாம் அலெக்சாண்டரைக் கொன்றதற்காக 1881இல் தூக்கிலிடப்பட்ட சோபியா பெரோவ்ஸ்கயாவும் அதே குடும்பம்தான்.) இன்று அந்தப் பெயர் ஓர் அணு அடுக்குமுறையைக் குறிக்கிறது: கனசதுரத்தின் மூலைகளில் லாந்தனம், ஸ்ட்ரான்ஷியம் போன்ற பெரிய அயனிகள், நடுவில் டைட்டானியம், நிக்கல் போன்ற சிறியவை, முகங்களில் ஆக்ஸிஜன்.

இங்கே நிக்கலை மேலே பூசுவதில்லை. தயாரிக்கும்போதே படிகத்துக்குள் கரைத்துவிடுகிறார்கள். பிறகு ஹைட்ரஜனில் சூடாக்கினால் நிக்கல் உள்ளிருந்து பரப்புக்கு முளைத்து வருகிறது, ஈறில் பல் மாதிரி, ஒரு பகுதி உள்ளேயே புதைந்தபடி. கரியால் இதைப் பெயர்க்க முடியவில்லை என்று 2015இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தின் நியாகு, இர்வின் குழுவினர் காட்டினார்கள். அவர்கள் 2013இல் சொன்னது இன்னும் முக்கியம் என்பேன். மூலை இடங்களில் சிலவற்றை வேண்டுமென்றே காலியாக விட்டால், படிகம் தன் விகிதத்தைச் சரிசெய்துகொள்ள நடுவிலுள்ள உலோகத்தை வெளியே தள்ளுகிறது. குறையில்லாத படிகம் அவ்வளவு எளிதில் தள்ளுவதில்லை. (இதை உடனே அரசியல் உருவகமாக்கிவிட வேண்டாம், நம்ம ஆட்களுக்கு அந்த வியாதி உண்டு.)

நிலைப்பு என்றால் அசையாதிருப்பது என்ற பிம்பமும் உடைகிறது. ஜப்பானின் டைஹாட்சு கார் நிறுவனம் பங்கெடுத்த 2002ஆம் ஆண்டு ஆய்வில், பெரோவ்ஸ்கைட்டில் வைத்த பல்லேடியம் புகையின் தன்மை மாற மாறப் படிகத்துக்குள் போய்வந்து தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. எல்லா உலோகமும் இப்படி நடந்துகொள்வதில்லை.

தொல்லைகள் தீர்ந்துவிடவில்லை. கரைத்த நிக்கலில் ஒரு பங்கு வெளியே வராமலே தங்கிவிடும். ஸ்ட்ரான்ஷியம் பரப்புக்கு ஒதுங்கி, மாற்ற வேண்டிய அதே வாயுவோடு சேர்ந்து கார்பனேட்டாகப் படிந்துவிடும். அளவீட்டிலும் ஒரு வித்தை இருக்கிறது: வினையூக்கியைத் தேவைக்கு மேல் கொட்டி வைத்தால் அதில் கணிசமான பங்கு செத்த பிறகும் சதவீதம் இறங்காது, வரைபடக் கோடு நேராகவே ஓடும். ஆய்வுக்கூடச் சோதனைகள் பெரும்பாலும் சில பத்து, சில நூறு மணி நேரத்தில் நின்றுவிடுகின்றன. வருஷத்துக்கு 8,760 மணி நேரம்.

வெப்பக் கணக்கு தனி. ஒரு மோல் கரியமில வாயுவை இவ்வினையில் மாற்ற 247 கிலோஜூல் வேண்டும். ஒரு மோல் மீத்தேன் எரிந்தால் கிடைப்பது சுமார் 800. அந்த வெப்பத்தை மீத்தேனை எரித்தே பெற்றால், துளியும் வீணாகாவிட்டாலும், மாற்றியதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான கரியமில வாயு புகைபோக்கி வழியே திரும்பிவிடும். வினையூக்கி எத்தனை வருஷம் நின்றாலும் இந்த எண் மாறாது.