ஹிகாரு என்று பெயர் வைத்தவர்

1966-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'ஸ்டார் ட்ரெக்' தொடங்கியபோது, விண்கலத்தைச் செலுத்தும் சுலுவுக்கு முதற்பெயர் கிடையாது. தொடர் முடிந்து சினிமா வந்த பிறகும் அவர் வெறும் சுலுதான். 1981-ல் வோண்டா மெக்கின்டயர் எழுதிய 'தி என்ட்ரபி எஃபெக்ட்' நாவலில்தான் அவர் 'ஹிகாரு' ஆனார். பத்து ஆண்டுகள் கழித்து வந்த ஆறாவது படத்தில், எக்செல்சியர் கலத்தின் கேப்டனாக நாட்குறிப்பைப் பதிவு செய்யும் சுலு, தன் பெயரை ஹிகாரு சுலு என்றே சொல்கிறார். நாவலாசிரியர் வைத்த பெயரைத் திரை ஏற்றுக்கொண்ட தருணம் அது.

நாவல் படமாவது நமக்குப் பழகிய செய்தி. ஹாலிவுட்டிலும் பிரிட்டிஷ் தொலைக்காட்சியிலும் எதிர்த்திசையிலும் ஒரு தொழில் நடக்கிறது. புகழ்பெற்ற படத்தையோ தொடரையோ ஒட்டி நாவல் எழுதுவது. இவற்றை 'டை-இன்' நாவல்கள் என்கிறார்கள். திரைக்கதையை அப்படியே நாவலாக்குவது ஒரு வகை. அதே பாத்திரங்களை வைத்துப் புதுக்கதை புனைவது இன்னொரு வகை.

கேட்க எளிதாக இருக்கும். செய்து பார்த்தால்தான் அருமை தெரியும். படம் வெளியாகும் நாளில் புத்தகமும் கடைக்கு வர வேண்டும் என்பதால், எழுத்தாளர் கையில் இருப்பது பெரும்பாலும் திரைக்கதைப் பிரதி மட்டுமே. நடிகரின் முகபாவம், இசை, படத்தொகுப்பு எதுவும் அவருக்குக் கிடைக்காது. முதல் 'ஸ்டார் வார்ஸ்' நாவலே இதற்குச் சாட்சி. படம் வந்தது 1977 மே மாதம். புத்தகம் 1976 இறுதியிலேயே வந்துவிட்டது. படத்தில் நாயகன் லூக் போருக்குப் பறப்பது 'ரெட் ஃபைவ்' என்ற அழைப்புப் பெயரில். நாவலில் அவர் 'ப்ளூ ஃபைவ்'. பிரதி எழுத்தாளர் கைக்குப் போன பிறகும் படம் மாறிக்கொண்டே இருந்ததன் தடயம் அது.

அந்தப் புத்தக அட்டையில் இருந்த பெயர் படத்தின் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ். எழுதியவர் ஆலன் டீன் ஃபாஸ்டர். 1978-ல் ஃபாஸ்டர் அதே பாத்திரங்களை வைத்துத் தன் பெயரிலேயே 'ஸ்ப்ளின்டர் ஆஃப் தி மைண்ட்ஸ் ஐ' எழுதினார். முதல் படம் பெரிதாக ஓடாவிட்டால் குறைந்த செலவில் இரண்டாம் பாகம் எடுக்கத் தோதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதனால்தான் கதை, பின்னணியை மறைக்கும் மூடுபனி சூழ்ந்த ஒரு கிரகத்தில் நடக்கிறது. ஹான் சோலோவாக நடித்த ஹாரிசன் ஃபோர்டு அடுத்த படத்துக்கு ஒப்பந்தமாகாததால், அந்தப் பாத்திரமே கதையில் இல்லை. இத்தனை வேலிகளுக்குள்ளும் ஒரு கதையை ஓட வைக்கத் தெரிந்தவர்தான் இந்தத் துறையில் நிற்க முடியும்.

பிரிட்டனின் 'டாக்டர் ஹூ' தொடரின் ரசிகர்களுக்கு இந்த நாவல்கள் இன்னும் நெருக்கமானவை. வீட்டில் வீடியோ இல்லாத காலம். மறு ஒளிபரப்பும் அபூர்வம். 1970-களின் சிறுவர்களுக்குப் பழைய கதை வேண்டுமென்றால் 'டார்கெட்' பதிப்பகத்தின் நாவல்களே கதி. டெரன்ஸ் டிக்ஸ் ஒருவரே 60-க்கும் மேற்பட்டவற்றை எழுதினார். பி.பி.சி. தன் பழைய நாடாக்களை அழித்துவிட்டதால் 1960-களின் பல அத்தியாயங்கள் இன்றும் கிடைக்கவில்லை. படம் போன இடத்தில் எழுத்து நின்றது.

'ஸ்டார் வார்ஸ்' உலகை வைத்து 1991-ல் டிமோத்தி ஸான் எழுதிய 'ஏர் டு தி எம்பயர்' நாவலுக்கு வேறு வகைப் பெருமை. அதில் வந்த 'கோரஸன்ட்' என்ற தலைநகரக் கிரகத்தின் பெயரை 1999-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படம் எடுத்துக்கொண்டது. அதில் பிறந்த வில்லன் த்ரானை 2023-ல் வந்த 'அஸோகா' தொடரில் நடிகர் ஒருவர் உயிருடன் நடமாட வைத்தார்.

இப்படித் திரைக்கு வாரி வழங்கியவர்களுக்குக் கிடைத்தது என்ன? பொதுவாகப் பதிப்புரிமை நிறுவனத்துக்கே. எழுதியவருக்கு ஒப்பந்தத் தொகை. அதிர்ஷ்டம் இருந்தால் சிறு ராயல்டி. அதற்கும் ஆபத்து வந்தது. லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தையும் பிறகு ஃபாக்ஸ் நிறுவனத்தையும் டிஸ்னி வாங்கியபின், தான் எழுதிய 'ஸ்டார் வார்ஸ்', 'ஏலியன்' நாவல்களுக்கான ராயல்டி வரவில்லை என்று 2020 நவம்பரில் ஃபாஸ்டர் பகிரங்கமாகச் சொன்னார். அப்போது அவர் புற்றுநோயுடன் போராடிக்கொண்டிருந்தார். சொத்தை வாங்கினால் அதன் கடனும் சேர்ந்தே வரும் என்று அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம் அவருக்காகக் குரல் கொடுத்தது. மறு ஆண்டில் அவருக்குத் தீர்வு கிடைத்தது. சங்கம் அத்துடன் நிற்காமல், இதே நிலையில் இருந்த மற்ற எழுத்தாளர்களுக்காகவும் தொடர்ந்து பேசியது.

இரவல் பாத்திரங்களை வைத்து எழுதுவதெல்லாம் இலக்கியமா என்று கேட்பவர்கள் உண்டு. சுலுவுக்குப் பெயர் வைத்த மெக்கின்டயர், தன் சொந்த நாவலான 'ட்ரீம்ஸ்னேக்' மூலம் ஹியூகோ, நெபுலா என அறிவியல் புனைகதையின் இரு பெரும் விருதுகளையும் வென்றவர். அதே கைதான் இரண்டையும் எழுதியது. அடுத்த முறை பழைய புத்தகக் கடையில் படத்தின் போஸ்டரையே அட்டையாகப் போட்ட நாவல் கண்ணில் பட்டால், நடிகரின் முகத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் பெயரையும் ஒரு முறை படியுங்கள்.