வெள்ளை நாயும் வில்லிபுத்தூரும்

ராஜபாளையம் நாயைத் தெரியாதவர் யார்? பால் போன்ற உடல், ரோஜா நிற மூக்கு, அந்நியரைக் கண்டால் உறுமல்! 2005-இல் தபால் தலையிலேயே இடம் பிடித்துவிட்ட ஜாதி அது.

அதை அழைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறீர்களா? பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். வடபத்ரசாயி கோயிலின் 11 நிலைக் கோபுரம் தூரத்திலேயே வரவேற்கும். ஆனால் நாயுடன் கோயிலுக்குள் நுழைய முடியாது. முறை வைத்து ஒருவர் வெளியே நிற்க, மற்றவர்கள் ஆண்டாளைச் சேவித்து வரலாம்.

முக்கியமான விஷயம் ஒன்று. இந்த ஜாதியில் சில குட்டிகள் பிறவிச் செவிடு. நாம் ஆசைப்படும் வெள்ளை நிறமே அதற்குக் காரணம்! தோலுக்கு நிறம் தரும் அணுக்கள் உட்செவிக்கும் வேண்டும். அவை இல்லாவிட்டால் கேட்கும் திறன் பட்டுப்போகிறது. வீட்டு முற்றத்தில் இந்தக் குறை தெரியாது. வீதியில் பஸ் ஹார்ன் அலறும்போது தெரிந்தால் என்ன பயன்?

குட்டி தூங்கும்போது பின்னால் நின்று சற்றுத் தள்ளிக் கை தட்டிப் பாருங்கள். காது அசையவில்லையா? கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். செவிட்டு நாயைத் தள்ளிவிட வேண்டியதில்லை. கைச் சைகையை அழகாகக் கற்றுக்கொள்ளும். வெளியூரில் மட்டும் கழுத்துப் பட்டையின் வாரை விடாதீர்கள்.

திரும்பும்போது பால்கோவா வாங்க மறக்கவேண்டாம். ஆனால் அது உங்களுக்கு, நாய்க்கு அல்ல!