எண்ணை மாற்றினால் திறக்கும் கதவு

உங்கள் பள்ளி அறிவியல் கூடத்தில் இருக்கும் நுண்ணோக்கியைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். அடியிலோ பக்கவாட்டிலோ ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் பள்ளியின் குறியீடு, வாங்கிய ஆண்டு, ஒரு வரிசை எண் ஆகியவை இருக்கும். கணினி, எல்சிடி, நாற்காலி என்று எல்லாவற்றுக்கும் இப்படி ஓர் எண் உண்டு. எந்தப் பொருள் எந்த அறையில், யார் பொறுப்பில் இருக்கிறது என்று பதிவு வைப்பது அலுப்பான வேலை. அந்தப் பாரங்களை நிரப்பிய ஆசிரியை என்ற முறையில் சொல்கிறேன்.

நூற்றுக்கணக்கான கணினிகளை வைத்திருக்கும் நிறுவனங்கள் இந்த வேலையை ஒரு மென்பொருளிடம் ஒப்படைத்துவிடுகின்றன. தகவல் தொழில்நுட்பச் சொத்து மேலாண்மை மென்பொருள் என்று அதற்குப் பெயர். எந்த மடிக்கணினி யாரிடம் உள்ளது, அதில் எந்த இயங்குதளம் ஓடுகிறது, உரிமம் எப்போது முடிகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

இதற்காக ஒவ்வொரு நிறுவனமும் தனி சர்வர் வாங்குவதில்லை. ஒரே மென்பொருளைப் பல நிறுவனங்கள் பகிர்ந்துகொள்வதே இன்று வழக்கம். அடுக்குமாடிக் குடியிருப்பைப் போலத்தான், கட்டடம் ஒன்று, குடியிருப்போர் பலர். ஆனால் அடுக்குமாடியில் வீடுகளுக்கு இடையே செங்கல் சுவர் இருக்கிறது. பகிர்ந்த தரவுத்தளத்திலோ பெரும்பாலும் எல்லாருடைய பதிவுகளும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்துக் கிடக்கும். ‘இது இன்ன நிறுவனத்துக்கு உரியது’ என்று ஒவ்வொரு பதிவிலும் ஒரு கட்டம் இருக்கும், அவ்வளவுதான். அந்தக் கட்டத்தைப் பார்த்து, ‘இவருக்கு இதைக் காட்டலாமா?’ என்று நிரல் கேட்கும் கேள்வியே சுவர். கேட்க மறந்தால் சுவர் இல்லை.

ஸ்னைப்-ஐடி என்ற திறமூல மென்பொருளில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். அதில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நிறுவனத்தின் பெயரைக் குறிக்க முடியும். ஆனால் நிறுவனங்களை உண்மையிலேயே பிரித்து வைக்க, நிர்வாகி தனியாக ஓர் அமைப்பை இயக்க வேண்டும். அதை இயக்காதவரை அந்தப் பெயர் ஒரு லேபிள்தான், யாரையும் தடுக்காது.

பிழை எப்படி நிகழ்கிறது? நீங்கள் ஒரு நிறுவனத்தின் பணியாளர் என்று வைத்துக்கொள்வோம். கடவுச்சொல் கொடுத்து நுழைந்து, உங்கள் மடிக்கணினியின் பக்கத்தைத் திறக்கிறீர்கள். இணைய முகவரி 4127 என்று முடிகிறது. அதை 4128 ஆக்கினால் என்ன ஆகும்? நன்றாக எழுதப்பட்ட மென்பொருள் இரண்டு கேள்விகள் கேட்கும். நீங்கள் யார்? 4128 உங்கள் நிறுவனத்துடையதா? பிழையுள்ள மென்பொருள் முதல் கேள்வியோடு நின்றுவிடும். கொண்டோ வாசலில் அட்டையைக் காட்டி நுழைந்தவர், எந்த வீட்டுக் கதவையும் திறக்கலாம் என்பது போன்ற நிலை அது.

இதற்கு நிரலாளர்களின் அசட்டைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. இத்தகைய மென்பொருளில் கதவுகள் நூற்றுக்கணக்கில் உண்டு. பார்ப்பது, திருத்துவது, அழிப்பது, லேபிள் அச்சிடுவது, அறிக்கை இறக்குவது, கைப்பேசிச் செயலி தகவல் கேட்பது என ஒவ்வொன்றிலும் அந்த இரண்டாம் கேள்வியை எழுத வேண்டும். 99 கதவுகளில் எழுதிவிட்டு, போன மாதம் சேர்த்த ஒன்றில் மறந்தால் போதும். வேறு சிலர் பொத்தானைத் திரையில் மறைத்துவிட்டு, கதவைப் பூட்டிவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். இணையச் செயலிகளின் பாதுகாப்புக் குறைகளை வரிசைப்படுத்தும் ஓவாஸ்ப் அமைப்பின் பட்டியலில் இந்த வகைப் பிழை 2017இல் ஐந்தாம் இடத்தில் இருந்தது. 2021இல் முதலிடத்துக்கு வந்துவிட்டது.

“யாரிடம் எந்த மடிக்கணினி இருக்கிறது என்று தெரிந்தால் என்ன, டீச்சர்?” என்று ஒரு மாணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் புதுப்பிக்கப்படாத பழைய இயங்குதளம் எந்தக் கணினியில் இருக்கிறது, அதை வைத்திருப்பவர் யார், அது எந்த மாடியில் இருக்கிறது என்ற மூன்றும் ஒரே பட்டியலில் கிடைத்தால், திருடனுக்கு வரைபடம் கிடைத்த மாதிரி.

இதே ஓட்டை வேறு துறைகளில் எவ்வளவு பெரிதாகியிருக்கிறது தெரியுமா? 2019 மே மாதம், அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் என்ற சொத்துரிமைக் காப்புறுதி நிறுவனத்தின் இணையத்தளத்தில் சுமார் 88 கோடியே 50 லட்சம் ஆவணங்கள் திறந்து கிடந்தது வெளியானது. வங்கிக் கணக்கு எண்கள்கூட அவற்றில் இருந்தன. முகவரியில் எண்ணை மாற்றினால் போதும், கடவுச்சொல்கூடத் தேவைப்படவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு கனடாவின் நோவா ஸ்கோஷியா மாநிலத்தில் நடந்தது, உங்களைவிடச் சற்றே மூத்த ஒருவரைப் பற்றியது. அரசு ஆவணங்களை வெளியிடும் தளம் ஒன்றில், 19 வயது இளைஞர் முகவரியின் எண்ணை வரிசையாக மாற்றும் சிறு நிரலை எழுதி, சுமார் 7,000 ஆவணங்களை இறக்கிக்கொண்டார். எல்லாம் பொதுமக்களுக்கானவை என்றே நினைத்ததாகச் சொன்னார். அவற்றில் ஏறக்குறைய 250இல் தனிமனிதர்களின் விவரங்கள் இருந்தன. ஏப்ரல் மாதம் போலீசார் வீட்டுக்கு வந்து, குடும்பத்தினரின் கணினிகளை எடுத்துச் சென்றனர், அவரைக் கைதும் செய்தனர். மே மாதம் குற்றச்சாட்டு இல்லை என்று போலீஸ் அறிவித்தது. சுவர் கட்ட மறந்தவர்களை விட்டுவிட்டு, உள்ளே வந்தவரைப் பிடித்தார்கள் என்பது என் கருத்து.

அதற்காக நீங்கள் யாருடைய தளத்திலும் எண்ணை மாற்றிப் பார்க்க வேண்டாம். நம் நாட்டின் 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டத்தின்படி, அனுமதியின்றி நுழைந்தால் 50,000 ரிங்கிட் வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். தற்செயலாக இப்படி ஒன்று கண்ணில் பட்டால், மேலும் தோண்டாமல் ஆசிரியரிடமோ தளத்தை நடத்துபவரிடமோ சொல்லுங்கள்.

சோதித்துப் பார்க்க ஆசையா? பள்ளித் திட்டப்பணிக்காக நீங்களே எழுதும் சிறு செயலியில் செய்யலாம். இரண்டு கணக்குகளைத் தொடங்குங்கள். முதல் கணக்கில் நுழைந்து, இரண்டாம் கணக்கின் பதிவைக் கேளுங்கள். செயலி மறுக்க வேண்டும். எந்தச் சொல்லால் மறுக்கிறது என்பதையும் கவனியுங்கள். 403 என்றால் ‘உனக்கு அனுமதி இல்லை’ என்று பொருள். 404 என்றால் ‘அப்படி ஒன்று இங்கே இல்லை’. முதல் பதில், பொருள் உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அதனால்தான் கிட்ஹப் தளத்தில், பிறருடைய மறைவான நிரல் தொகுப்பின் முகவரியைத் தட்டினால் 404தான் வருகிறது.