ராஜினாமாக் கடிதமும் நிற்காத போரும்

ஒரு போரை நிறுத்த மக்கள் பிரதிநிதிகளால் முடியுமா? முடிந்ததற்கும் உதாரணம் உண்டு; முடியாமல் போனதற்கும் உண்டு. அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வாழும் தமிழர்களான நமக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட தாயகம் திரும்பிய குடும்பங்கள் இலங்கையிலிருந்து வந்தவை. அவர்களுடைய உற்றார் உறவினர் பலர் மலையகத்திலேயே தங்கிவிட்டார்கள். 1977-ஆம் ஆண்டு கலவரத்துக்குப் பின் மலையகத் தமிழரில் ஒரு பகுதியினர் பாதுகாப்புத் தேடி வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறினார்கள். பாதுகாப்புத் தேடிப் போன அதே வன்னியில்தான் 2008-2009-இல் கடைசிப் போர் நடந்தது.

அந்தப் போரை நிறுத்தச் சொல்லித் தமிழ்நாட்டு எம்.பி.க்கள் மத்திய அரசுக்குக் கெடு விதித்ததும், அந்தக் கெடு கரைந்து போனதும் பலருக்கு நினைவிருக்கும். அபர்தீன் பஜாரிலும் ஜங்கிலிகாட்டிலும் நம்மவர்கள் இன்றும் அதைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். "எல்லாம் நாடகம்" என்பார் ஒருவர். "அவர்களால் அதற்கு மேல் என்ன செய்ய முடியும்?" என்பார் மற்றவர். நடந்ததைத் தேதி வாரியாகப் பார்த்தால் இரண்டிலும் பாதி உண்மைதான் இருப்பது தெரியும்.

இரண்டு வாரக் கெடு

நார்வே நாட்டின் முயற்சியால் 2002 பிப்ரவரியில் கையெழுத்தான போர்நிறுத்த ஒப்பந்தத்திலிருந்து இலங்கை அரசு 2008 ஜனவரியில் முறைப்படி விலகியது. அதே ஆண்டு செப்டம்பரில் ஐ.நா. ஊழியர்களும் உதவி நிறுவனத்தாரும் வன்னியை விட்டு வெளியேறும்படி கேட்டுக்கொள்ளப்பட்டனர். உள்ளே இருந்த மக்களுக்குச் சாட்சி சொல்ல வெளியாள் இல்லாத நிலை உண்டாயிற்று.

அக்டோபர் 14-ஆம் தேதி அன்றைய முதலமைச்சர் கருணாநிதி சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டம் கூட்டினார். அ.தி.மு.க.வும் ம.தி.மு.க.வும் அதில் கலந்துகொள்ளவில்லை. இரண்டு வாரத்துக்குள் இலங்கையில் போர்நிறுத்தம் ஏற்பட மத்திய அரசு நடவடிக்கை எடுக்காவிட்டால் தமிழ்நாட்டு எம்.பி.க்கள் அனைவரும் ராஜினாமா செய்வது என்று அங்கே தீர்மானமாயிற்று. தி.மு.க. எம்.பி.க்கள் பின்தேதியிட்ட ராஜினாமாக் கடிதங்களை முதலமைச்சரிடம் கொடுத்தார்கள். மத்திய மந்திரிகளாக இருந்தவர்களும் கொடுத்தார்கள். அக்டோபர் 24-ஆம் தேதி கொட்டும் மழையில் மனிதச் சங்கிலி நடந்தது.

இந்தக் கெடுவுக்குப் பலம் இருந்ததா? இருந்தது. மூன்று மாதம் முன்பு, ஜூலை 22-ஆம் தேதிதான், அமெரிக்க அணுசக்தி உடன்பாட்டை ஒட்டி மன்மோகன் சிங் அரசு நம்பிக்கை ஓட்டைச் சந்தித்திருந்தது. ஆதரவு 275, எதிர்ப்பு 256. வித்தியாசம் 19 ஓட்டு. மக்களவையில் தி.மு.க.வுக்கு 16 பேர். அந்தப் பதினாறு பேர் போனாலே வித்தியாசம் மூன்றாகச் சுருங்கிவிடும். பா.ம.க.வின் ஆறு பேரும் சேர்ந்து போனால், ஜூலைக் கணக்குப்படி அரசு பெரும்பான்மை இழந்துவிடும். ஆக, கையில் இருந்தது வெறும் காகிதம் அல்ல. டில்லி அதை அலட்சியம் செய்யவும் இல்லை.

கெடு போயிற்று, நிவாரணம் வந்தது

அக்டோபர் 26-ஆம் தேதி இலங்கை ஜனாதிபதியின் தம்பி பாசில் ராஜபக்ச டில்லிக்கு வந்து வெளிநாட்டு மந்திரி பிரணாப் முகர்ஜியைச் சந்தித்தார். அன்றே பிரணாப் சென்னைக்குப் பறந்து வந்து முதலமைச்சரிடம் விளக்கம் சொன்னார். 800 டன் நிவாரணப் பொருள்களை இந்தியா அனுப்பும் என்றார். மக்களின் பாதுகாப்பு கவனிக்கப்படும், அரசியல் தீர்வு வேண்டும் என்று இலங்கையும் ஒப்புக்கொண்டதாக அறிவிக்கப்பட்டது. ராஜினாமாப் பேச்சு அத்துடன் கைவிடப்பட்டது.

கேட்டது போர்நிறுத்தம். கிடைத்தது நிவாரணமும் வாக்குறுதியும். நிவாரணம் வேண்டாத பொருள் அல்ல. பசித்தவனுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் பீரங்கி நிற்கவில்லை.

நவம்பர் 12-இல் சட்டசபைத் தீர்மானம். டிசம்பர் 4-இல் முதலமைச்சர் தலைமையில் அனைத்துக் கட்சிக் குழு பிரதமரைச் சந்தித்து, பிரணாபைக் கொழும்புக்கு அனுப்பக் கேட்டது. பிரதமர் இசைந்தார். பிரணாப் கொழும்பு போனதோ 2009 ஜனவரி 27-ஆம் தேதி. அதற்குள் ஜனவரி 2-இலேயே கிளிநொச்சி விழுந்துவிட்டது. ஜனவரி 23-ஆம் தேதி சட்டசபை "இறுதி வேண்டுகோள்" என்று இன்னொரு தீர்மானம் போட்டது. ஏப்ரல் 27-ஆம் தேதி காலையில் அண்ணா சமாதியில் முதலமைச்சர் உண்ணாவிரதம் இருந்தார். இனி கனரக ஆயுதங்களும் விமானக் குண்டுவீச்சும் இல்லை என்று கொழும்பு அறிவித்தது. உச்சிவேளைக்குள் உண்ணாவிரதம் முடிந்தது. மே 13-இல் தமிழ்நாட்டில் ஓட்டுப்பதிவு நடந்தது. மே 18-இல் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது.

ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-இல் அறிக்கை தந்தது. கடைசிக் கட்டத்தில் இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை என்று அது கூறியது. மக்களைக் கேடயமாக வைத்துக்கொண்ட குற்றத்தைப் புலிகள் மீதும், மக்கள் இருந்த இடத்தில் குண்டு வீசிய குற்றத்தை அரசின் மீதும் அக்குழு சாட்டியது.

எங்கே பிசகிற்று?

மத்திய அரசுக்கும் சில தடைகள் இருந்தன. 1991-இல் ராஜீவ் காந்தி கொலை செய்யப்பட்டார். 1992 முதல் புலிகள் இயக்கம் இந்தியாவில் தடை செய்யப்பட்டிருந்தது. தவிரவும், போர் புரிந்தது அயல்நாட்டு அரசு. நம் பாராளுமன்றம் உத்தரவு போட்டால் அந்தப் படை நிற்காது.

இதெல்லாம் உண்மைதான். ஆனாலும், கேட்ட முறையிலும் ஒரு குறை இருந்தது. "போரை நிறுத்து" என்று கேட்டார்களே தவிர, எப்படி, எந்தப் படியில், யார் மேற்பார்வையில் என்று எழுதிக் கேட்கவில்லை. தேதி இருந்தது, திட்டம் இல்லை. திட்டம் இல்லாத கெடுவுக்கு எதைக் கொடுத்தாலும் பதில் கொடுத்ததாகிவிடும். 800 டன் பொருளும் பதில்தான், ஓர் அறிக்கையும் பதில்தான்.

திட்டம் என்றால் என்ன? காயம்பட்டவர்களையும் குழந்தைகளையும் வெளியே கொண்டுவரக் கப்பல் எத்தனை, எந்தத் துறையிலிருந்து? வெளியேறி வருபவர்களை யார் பதிவு செய்வது? முகாமைப் பார்வையிட யாருக்கு அனுமதி? இவை நடக்காத காரியங்கள் அல்ல. 2009 பிப்ரவரியில் செஞ்சிலுவைச் சங்கம் புதுமாத்தளனிலிருந்து காயம்பட்டவர்களைக் கடல் வழியாகத் திருகோணமலைக்குக் கொண்டுவரத் தொடங்கியது. மார்ச்சில் இந்திய டாக்டர்கள் புல்மோட்டையில் ஆஸ்பத்திரி நடத்தினார்கள். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் செய்ய முடிந்ததை, கெடு உயிரோடு இருந்த அக்டோபரிலேயே பெயர் சொல்லிக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் போர் நின்றிருக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. சில உயிர்கள் மிஞ்சியிருக்கும் என்று நம்ப இடம் இருக்கிறது.

அமெரிக்காவில் நடந்தது

வியட்நாம் போரின்போது அமெரிக்க செனட்டில் மெக்கவர்ன், ஹாட்பீல்டு என்ற இரு உறுப்பினர்கள், ஒருவர் ஆளும் கட்சி, ஒருவர் எதிர்க்கட்சி, சேர்ந்து ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். 1971 டிசம்பர் இறுதிக்குள் படைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்பது அதன் சாரம். 1970 செப்டம்பர் 1-ஆம் தேதி 55-க்கு 39 என்ற ஓட்டுக் கணக்கில் அது தோற்றது. ஆனால் முயற்சி நிற்கவில்லை. 1973-இல் காங்கிரஸ் சபை பணப் பெட்டியில் கை வைத்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 15-க்குப் பிறகு இந்தோசீனாவில் போர் நடவடிக்கைக்கு ஒரு டாலர் கூடச் செலவிடக் கூடாது என்று சட்டமாயிற்று. ஜனாதிபதி நிக்சன் கையெழுத்திட வேண்டியதாயிற்று. குறித்த நாளில் கம்போடியா மீது குண்டுவீச்சு நின்றது.

அங்கே பணம் அவர்கள் சபையின் கையில். போரும் அவர்கள் நாட்டுப் போர். நம் நாட்டிலும், இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை விஷயத்தில், முடிவு நம் கையில் இருந்தது. 1987 ஜூலையில் போன படை, சுமார் 1,200 ஜவான்களைப் பறிகொடுத்துவிட்டு, டில்லியில் ஆட்சி மாறிய பிறகு 1990 மார்ச் 24-இல் முழுவதும் திரும்பி வந்தது. சொந்தப் படையைத் திரும்ப அழைப்பது ஒரு காரியம். அடுத்த வீட்டுக்காரனின் கையைப் பிடிப்பது வேறு காரியம். இரண்டாவதற்குத்தான் திட்டம் அதிகம் வேண்டும்.

பதவியை விட்டால் யார் பேசுவது?

ராஜினாமா செய்திருக்க வேண்டும் என்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் அந்த ஆகஸ்டில் கருணாநிதியும் அன்பழகனும் சட்டசபைப் பதவியைத் துறந்தார்கள். அது உணர்ச்சியைக் காட்டியது. ஆனால் பதவியை விட்டவருக்குச் சபையில் கேள்வி கேட்க உரிமை இல்லை.

இதே ஆகஸ்டில் இலங்கையில் ஆறாவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. தனிநாடு கோருவதில்லை என்று சத்தியப்பிரமாணம் செய்யாத உறுப்பினருக்கு இடம் இல்லை. 1977 தேர்தலில் ஜெயித்து எதிர்க்கட்சியாக அமர்ந்திருந்த தமிழர் விடுதலைக் கூட்டணி இடங்களை இழந்தது. பேச்சுவார்த்தைக்கு வேண்டிய ஆள் சபையில் இல்லாமல் போனதும் துப்பாக்கிகளே பேசின. கூட்டணித் தலைவர் அமிர்தலிங்கம் 1989-இல் கொழும்பில் புலிகளால் கொல்லப்பட்டார். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எம்.பி. ஜோசப் பரராஜசிங்கம் 2005 கிறிஸ்துமஸ் அன்று மட்டக்களப்பு மாதா கோயிலில் சுடப்பட்டார். ரவிராஜ் 2006 நவம்பரில் கொழும்பில் கொல்லப்பட்டார். சிவநேசன் 2008 மார்ச்சில் கண்ணிவெடிக்குப் பலியானார். போரை நிறுத்துங்கள் என்று சபையில் எழுந்து சொல்வதற்கு உயிரையே விலையாகக் கொடுத்தவர்கள் இவர்கள்.

பேச ஆள் இல்லாத ஜனங்கள்

கச்சால் குடும்பங்களின் கதையும் இதைத்தான் சொல்கிறது. 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. அதனால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் குடியுரிமையை இழந்தார்கள். அடுத்து ஓட்டும் போயிற்று. 1947-இல் தொண்டமான் உள்ளிட்டோரைச் சபைக்கு அனுப்பிய அந்த மக்களால் 1952 தேர்தலில் ஒருவரைக்கூட அனுப்ப முடியவில்லை. பின்னர் 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் ஆயிற்று. மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளப்படும். தேயிலைச் செடிக்குத் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் சரக்கு மூட்டை போலக் கணக்கில் பிரிக்கப்பட்டார்கள். அவர்களை ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை. கேட்கச் சொல்லி எழுந்து நிற்க, அவர்கள் ஓட்டில் வந்த பிரதிநிதியும் இல்லை. அவர்களில் ஒரு பகுதியினர்தான் கடல் தாண்டிக் கச்சாலுக்கு வந்து, அங்கே 2004 சுனாமியையும் தாங்கினார்கள்.

நம் கையில் உள்ளது

அந்தமானுக்குச் சட்டசபை கிடையாது. பாராளுமன்றத்தில் ஒரே ஓர் இடம். அதுவும் 1967-இல்தான் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் இடமாயிற்று. அதற்கு முன் நியமனம்தான். ஒரே ஓர் எம்.பி. என்றால் அவரிடம் கேட்பதைச் சரியாகக் கேட்க வேண்டும். "கண்டித்தீர்களா?" என்று கேட்டால் "கண்டித்தேன்" என்பார். அதோடு முடிந்தது. "அரசிடம் என்ன திட்டம் கேட்டீர்கள்? முதல் படி எது? எந்தத் தேதிக்குள்? மந்திரி சபையில் என்ன பதில் சொன்னார்?" என்று கேட்டால் அவர் போய் விசாரித்துத்தான் ஆக வேண்டும்.

மெயின்லேண்டில் ஓட்டு உள்ள நம் சொந்தக்காரர்களுக்கும் இதையே எழுதலாம். உலகில் போர்கள் ஓயவில்லை. நாளைக்கு வேறொரு கரையில் வேறொரு ஜனம் மாட்டிக்கொள்ளும். அன்றைக்கும் தீர்மானங்கள் வரும், கெடுக்கள் வரும். அந்தத் தீர்மானத்தில் எத்தனை கப்பல், எந்தத் துறைமுகம், யார் சாட்சி என்ற வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால், அவற்றைச் சேர்க்கச் சொல்லி உங்கள் எம்.பி.க்கு ஒரு கார்டு போடுங்கள்.