மெழுகில் நிற்கும் மெட்டுகள்

கிட்டாரின் விரற்பலகையில் குறுக்கே மெல்லிய பள்ளங்களை அறுத்து, அவற்றுள் மெட்டுகளை இறுக்கிப் பதிப்பர். பலகையின் விளிம்பில் அழகுப்பட்டி ஒட்டும்போது பசை அப்பள்ளங்களில் வழிந்து இறுகிவிட்டால் மெட்டு முழுவதும் அமராது. அது சற்றே உயர்ந்து நின்றாலும் தந்தி அதன்மேல் உரசி இரையும். எனவே பசை உள்ளே புகாதவாறு காப்பது அங்கே முதற்பணி.

தஞ்சாவூர் வீணையிலோ மெட்டுக்கெனப் பள்ளமே இல்லை. பலாமரத் தண்டியின் இருபுறமும் தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த கரிய மெழுகுக்கரைகள் நீண்டிருக்கும். அவற்றின்மேல் 24 பித்தளை மெட்டுகள் அமைகின்றன. ஒரு தந்திக்கு இரண்டு ஸ்தாயி. இப்பணியை 'மேளம் கட்டுதல்' என்பர்.

மெழுகு இளகியிருக்கும்போதே கைவினைஞர் தந்தியை மீட்டி, சுரம் சேரும்வரை மெட்டை நகர்த்துகிறார். அளவுகோல் வழிகாட்டலாம்; முடிவு செய்வது செவியே. குடத்தை நெருங்க நெருங்க மெட்டுகளின் இடைவெளி குறையும். 12ஆம் மெட்டில் தந்தியின் நீளம் பாதியாகிவிடுவதால், அங்கே நேரும் சிறு விலகல் தொடக்கத்தில் நேர்வதைப்போல் இருமடங்கு சுருதிப் பிசகாக ஒலிக்கும். 24ஆம் மெட்டில் அது நான்கு மடங்கு.

மெழுகு வெயிலில் இளகும். நாள்பட மெட்டுகள் தளரவும் கூடும். இதனைக் குறை என்பாரும் உளர். ஆனால் இறுகிய பசையிலிருந்து மெட்டைப் பெயர்த்தால் மரமும் சிதையக்கூடும். மெழுகை அகற்றிப் புதிதாக இட்டால், அதே வீணைக்கு மீண்டும் மேளம் கட்டலாம்.